ஒரு ரூபாய்க் குமாஸ்தா ஹைகோர்ட்டு நீதிபதியான கதை

மௌலா அலி, ஜன. 25: சர் டி. முத்துசாமி ஐயர் காலமான நாள் இன்று. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். மௌலா அலி, லாலாகுடா, மல்காஜ்கிரி பக்கங்களில் ரயில்வேயிலும் ஆபீசுகளிலும் பணியாற்றும் நம்மவர் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அவர் முதலில் வாங்கிய மாதச் சம்பளம் ஒரு ரூபாய் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தஞ்சை மாவட்டம் உச்சுவாடியில் 1832 ஜனவரி 28ஆம் தேதி பிறந்தவர். தந்தை வெங்கட நாராயண சாஸ்திரி சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். குடும்பத்தில் வறுமை. தாயார் பையனை அழைத்துக்கொண்டு திருவாரூர் வந்து சேர்ந்தார். அங்கே கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வேலை. அதற்குத்தான் அந்த ஒரு ரூபாய். சிறிது காலத்தில் தாயாரும் கண்ணை மூடிவிட்டார்.

அப்போது திருவாரூரில் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒரு நாள் அணைக்கரை உடைந்ததாகச் செய்தி வந்ததாம். கச்சேரியில் அந்த நேரம் வேறு ஆள் இல்லை. பையன் ஓடிப்போய்ப் பார்த்து, உடைப்பின் அளவு என்ன, அடைக்க என்ன வேண்டும் என்று விவரமாக வந்து சொன்னான் என்று கூறுவார்கள். அன்று முதல் தாசில்தாரின் கண் அவன்மீது விழுந்தது. தம் மருமகனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியபோது அவனுக்குத் துணையாக முத்துசாமியையும் அனுப்பி வைத்தார். அந்தத் தாசில்தாருக்கு எங்கும் சிலை இல்லை. இருந்திருக்க வேண்டும்.

தெரு விளக்கடியில் படிப்பு

சென்னையில் பவல் துரையிடம் படித்தார். தெரு விளக்கு வெளிச்சத்தில் அவர் படித்த கதையை, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் ஒவ்வொரு தகப்பனாரும் இன்றும் சொல்வதுண்டு. 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ரூ.500 பரிசு பெற்றார். ஒரு ரூபாய் சம்பளக்காரருக்கு அது நாற்பது வருடச் சம்பளத்துக்கும் மேல்! பிறகு ரூ.60 சம்பளத்தில் ஆசிரியர் வேலை, தஞ்சாவூரில் ரிக்கார்டு கீப்பர் வேலை, பள்ளிக்கூடங்களின் துணை இன்ஸ்பெக்டர் வேலை என்று படிப்படியாக ஏறினார். பிளீடர் பரீட்சையில் தேறியதும் தரங்கம்பாடிக்கு முன்சீப்பாக நியமிக்கப்பட்டார்.

தரங்கம்பாடி அப்போது நேற்றுவரை வேறு நாட்டாரிடம் இருந்த ஊர். டென்மார்க்காரர்களிடமிருந்து 1845இல்தான் கும்பெனியார் அதை விலைக்கு வாங்கினார்கள். அந்தக் கடற்கரை ஊரில் கோர்ட்டு நடத்துவது இன்றைய கோர்ட்டு போல அல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, அதாவது 1843 வரை, சென்னை ராஜதானியில் சர்க்யூட் ஜட்ஜுகள் ஊர் ஊராகக் கேம்பு போட்டுத்தான் பெரிய குற்ற வழக்குகளை விசாரித்தார்கள். அமெரிக்காவிலும் அதே கதைதான். ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக இருந்தபோது நீதிபதியோடு சேர்ந்து இல்லினாய் மாகாணத்தின் சிற்றூர்களுக்குக் குதிரையிலும் வண்டியிலும் போய் வழக்காடினார். அவர் வாதாடிய மௌண்ட் புலாஸ்கி, மெட்டமோரா ஊர்களின் கோர்ட்டுக் கட்டடங்களை இன்றும் பேணி வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதே 1856 ஜூலை 1இல். முத்துசாமி ஐயர் தஞ்சாவூர் டிப்டி கலெக்டரானது 1859 ஜூலையில். அப்போது அங்கே ரயில் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து பாதை போடப்பட்டு வந்தது அதற்குப் பிறகுதான். 1865இல் சப்-ஜட்ஜாக மங்களூருக்குப் போனார். அந்த ஊரை ரயில் எட்டிப் பார்த்தது 1907இல்! துளுவும் கன்னடமும் பேசும் ஊரில் ஒரு தஞ்சாவூர்க்காரர் மூன்று ஆண்டுகள் இருந்து நீதி வழங்கினார். ஊர் விட்டு ஊர் வந்து வேறு பாஷைக்காரர் மத்தியில் ஜீவிப்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

துரைக்கு அபராதம்

1868இல் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். வேலைக்காரனை அடித்த வெள்ளைக்கார ஹைகோர்ட்டு ஜட்ஜு ஒருவருக்கே சம்மன் அனுப்பி மூன்று ரூபாய் அபராதம் போட்டார் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. தொகை சிறியதுதான். ஆனால் போட்டவர் யார், கட்டியவர் யார் என்று பார்க்க வேண்டும். உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1871இல் பி.எல். பரீட்சையும் தேறினார். பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியானார்.

1878இல் ஹைகோர்ட்டு நீதிபதி பதவி அவருக்குக் கிடைத்தது. வெள்ளையர் பத்திரிகைகள் பொறுக்கவில்லை. கறுப்பருக்கு இந்தப் பதவியா என்று எதிர்ப்பு கிளப்பின. அதற்குப் பதில் சொல்ல நம்மவர்களிடம் அப்போது பத்திரிகை இல்லை. ஆறு வாலிபர்கள் சேர்ந்து ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20இல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். அதுதான் 'ஹிந்து'. ஒருவருக்குக் கிடைத்த உத்தியோகம் ஒரு பத்திரிகை பிறக்கவே காரணமானது.

1891இல் மலபார் திருமணக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1893இல் மூன்று மாதம் தலைமை நீதிபதியாகவும் பொறுப்பு பார்த்தார். சர் பட்டமும் அந்த ஆண்டிலேயே வந்தது. 1895 ஜனவரி 25ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே காலமானார். இன்னும் மூன்று நாள் கழிந்திருந்தால் 63 வயது நிறைந்திருக்கும்.

செங்கல் நிறத்தில் கோபுரங்களோடு நிற்கும் இன்றைய ஹைகோர்ட்டுக் கட்டடம் திறக்கப்பட்டது 1892இல். கடைசி இரண்டரை ஆண்டுகள் அவர் அமர்ந்தது அங்கேதான். அந்தக் கட்டடத்தின் உள்ளே அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. வேட் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. தலையில் தலைப்பாகை உண்டு, காலில் செருப்பு இல்லை. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் ஹைகோர்ட்டு நடந்து போகும் தூரம்தான்.