நான்கு பென்டோர்ச் பற்றரிகள்: குன்பே யோகோயின் கதை

கற்பிட்டியில் எந்தப் பொருளையும் முதலில் தின்பது உப்புக்காற்றுத்தான். நான் இங்கே சிறிய திருத்தகம் ஒன்று நடத்துகிறேன். படகில் வைக்கும் ஜீ.பி.எஸ். கருவி, கைத்தொலைபேசி, ரீவி ரிமோட் என்று எது வந்தாலும் உள்ளே செம்பு பச்சை பூத்துப்போய்த்தான் இருக்கும். சில வருடங்களாக இன்னொரு வகைச் சாமானும் வருகிறது. தொண்ணூறுகளில் வாங்கிய ரீவி கேம் பெட்டிகள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் வீட்டு மூலையில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து வந்து, புது ரீவியில் ஓட வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

முடியும். பழைய பெட்டியின் மஞ்சள், வெள்ளை வயர்களை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் அடப்டர் ஒன்று போதும். மலிவான அடப்டரில் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் பாய்வதற்கும் இடையில் சிறு தாமதம் இருக்கும். பழைய விளையாட்டுக்களில் அந்தத் தாமதமே ஆளைக் கொன்றுவிடும். அதனால் ரீவியில் கேம் மோட் இருந்தால் அதைப் போடச் சொல்லிக் கொடுத்து அனுப்புவேன். பெட்டி முற்றாகச் செத்திருந்தால் எமுலேட்டர் இருக்கிறது. பழைய இயந்திரம் செய்த வேலையைத் தொலைபேசியே செய்துவிடும். புளூடூத் கொன்ட்ரோலர் ஒன்றை இணைத்தால் மிச்சமும் சரி.

எந்தக் கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தாலும் இடது கைப் பெருவிரலுக்குக் கீழே சிலுவை வடிவப் பொத்தான் ஒன்று இருக்கும். நாற்பது வருடங்களுக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது. அதை அங்கே வைத்தவர் குன்பே யோகோய் என்ற ஜப்பானியர். இறந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் செய்த ஒரு சாமான் என் வீட்டிலும் இருக்கிறது. அதைத் திருத்தப் போய்த்தான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

அந்தச் சாமான் வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பம் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது. எனக்கு அப்போது எட்டு வயது. கிடுகுக் கொட்டில், குப்பி விளக்கு, தண்ணீருக்கு வரிசை. வாப்பாவுக்குக் கருவாட்டு வாடியில் கிடைத்த கூலி போதவில்லை. 1993இல் உம்மா வீட்டுப் பணிப்பெண்ணாக வளைகுடாவுக்குப் போனார். முகாமிலிருந்து அப்படிப் போன உம்மாமார் பலர். மூன்று வருடம் கழித்துத் திரும்பியபோது அவருடைய பெட்டியில் சோப்பு, துணிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கனமான ஒரு கேம் போய் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை வேண்டாமென்று போட்டதாம். உள்ளே ஒரேயொரு விளையாட்டு, டெட்ரிஸ்.

அதற்கு நான்கு பென்டோர்ச் பற்றரி வேண்டும். திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இரவில் குப்பி விளக்கின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் கட்டைகள் தெரியும். பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னொரு அரைமணி நேரம் பிழிந்தெடுப்போம். ஏன் இதற்கு வெளிச்சம் வைக்கவில்லை, ஏன் நிறம் வைக்கவில்லை என்று செய்தவனை அப்போது ஏசியிருக்கிறேன். காரணம் பிறகுதான் விளங்கியது.

யோகோய் 1941 செப்டெம்பர் 10ஆம் திகதி கியோட்டோவில் பிறந்தார். அதே ஊரின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தார். 1965இல் நின்டென்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது வீடியோ விளையாட்டுக் கம்பனி அல்ல. 1889இலிருந்து ஹனஃபுடா என்ற பூப்போட்ட விளையாட்டுச் சீட்டுக்களை அச்சடித்து விற்ற கம்பனி. சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. என்னைப் போல ஒரு திருத்துநர்.

வேலை இல்லாத நேரத்தில் அவர் கை சும்மா இருக்கவில்லை. குறுக்குச் சட்டங்களைக் கோத்து, பிடியை நெருக்கினால் நீண்டுபோய்ப் பொருளைக் கவ்வும் கை ஒன்றைத் தன் பொழுதுபோக்குக்காகச் செய்தார். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்கு ஏச்சு விழும் என்றுதான் யாரும் நினைப்போம். யமவுச்சி அதை விற்பனைக்குச் செய்யச் சொன்னார். 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. திருத்துநர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்தடுத்து அவர் செய்தவை எல்லாம் மலிவான உதிரிப்பாகங்களுக்குப் புது வேலை கொடுத்தவை. 1969இல் லவ் டெஸ்டர்: இரண்டு பேர் கைகோத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், உடல் வழியே ஓடும் சிறு மின்னோட்டத்தை அளந்து காதல் எவ்வளவு என்று காட்டும். 1970இல் ஒளித் துப்பாக்கி: வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சூரியக் கலத்தை, குறி பட்டதா என்று அறியும் கண்ணாக மாற்றினார்.

அந்தத் துப்பாக்கியின் வழிவந்த ஒன்று எங்கள் காலத்து ரீவி கேம் பெட்டிகளோடும் வந்தது. வாத்துச் சுடும் விளையாட்டு பலருக்கு நினைவிருக்கும். பழைய குழாய் ரீவி படத்தை வரையும் விதத்தை நம்பித்தான் அது வேலை செய்தது. அதனால் இன்றைய தட்டை ரீவியில் எந்த அடப்டர் போட்டாலும் சுடாது. பெட்டியைத் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் இதைக் கேட்டு ஏமாந்துபோவார்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு பையன் அந்தத் துப்பாக்கியைத் தூக்கி விளையாட்டாக நீட்டியபோது அவனுடைய உம்மா அழுததைப் பார்த்தவன் நான்.

யோகோயின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஒரு ரயில் பயணத்தில் வந்தது. ஷின்கான்சென் வண்டியில் வேலை முடிந்து களைத்துப்போயிருந்த ஒருவர் நேரம் போகாமல் கல்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். வளர்ந்த மனிதன், சுற்றிவர ஆட்கள், கூச்சம். ஆனாலும் கைக்கு ஏதோ வேண்டியிருக்கிறது. மடியில் வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் விளையாடக்கூடிய ஒரு சிறு கருவி செய்தால் என்ன என்று யோசித்தார். பின்பொருநாள் தலைவரின் சாரதி வராதபோது காரோட்டும் வேலை யோகோயின் தலையில் விழுந்தது. போகிற வழியில் இந்த யோசனையைச் சொல்லிவைத்தார். யமவுச்சி அதை மறக்கவில்லை. கல்குலேட்டர் கம்பனிகளின் விலைப்போட்டியில் எல்.சி.டி. திரை மலிந்துகிடந்த காலம் அது. 1980இல் கேம் அண்ட் வொட்ச் பிறந்தது. விளையாட்டும் மணிக்கூடும் ஒன்றாக, சட்டைப்பைக்குள் அடங்குவது. அந்த வரிசை மொத்தமாக 4 கோடிக்கு மேல் விற்றது.

1982இல் அதே வரிசையில் டொங்கி கொங் வந்தது. மடித்துப் பையில் போடும் கருவியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பு போன்ற ஜோய்ஸ்டிக் சரிவராது. அதற்குப் பதிலாக யோகோய் சிலுவை வடிவில் தட்டையான பொத்தானை வைத்தார். கண்ணால் பார்க்காமலே பெருவிரல் திசையை அறியும். அடுத்த வருடம் வந்த ஃபெமிகொம் பெட்டியின் கொன்ட்ரோலரிலும் அது ஏறியது. எங்கள் கடைகளில் விற்ற ரீவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் அந்த ஃபெமிகொமின் நகல்கள்தான்.

1989 ஏப்ரலில் கேம் போய் வெளிவந்தது. யோகோயின் பிரிவில் சடோரு ஒகடா முதலிய பொறியியலாளர்கள் கூடிச் செய்தது அது. அதே காலத்தில் அட்டாரியின் லிங்ஸ், அடுத்த வருடம் சேகாவின் கேம் கியர் என்று ஒளிரும் நிறத்திரையோடு போட்டிக் கருவிகள் வந்தன. அவற்றுக்கு ஆறு பற்றரி வேண்டும். சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். விலையும் கூட. கேம் போயின் திரையில் பச்சை கலந்த நான்கே சாயல்கள். ஆனால் நான்கு பற்றரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, கீழே விழுந்தாலும் தாங்கியது. அதன்பின் வந்த நிறத்திரைக் கேம் போயையும் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றது.

இதற்குப் பின்னால் இருந்த கொள்கையை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. புதிதாக வந்த, விலை கூடிய, யாருக்கும் முழுதாகப் பிடிபடாத தொழில்நுட்பத்தை அவர் துரத்தவில்லை. பழசாகி மலிந்துபோன, குறைநிறை எல்லாம் தெரிந்த ஒன்றை எடுத்து, அதைக் கொண்டு யாரும் நினையாத வேலை ஒன்றைச் செய்யப் பார்த்தார். அப்படி முற்றிப்போன தொழில்நுட்பத்தைக் காய்ந்தது, வாடியது என்ற பொருளுள்ள ஒரு ஜப்பானியச் சொல்லால் குறித்தார்.

இதைப் படித்தபோது எனக்கு வடக்கின் அந்த வருடங்கள் நினைவுக்கு வந்தன. நாங்கள் கற்பிட்டியில் பற்றரியை வெயிலில் காயவைத்த காலத்தில், அங்கே பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. இருந்தவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். யோகோய் விரும்பித் தேர்ந்த வழியில் நம்மவர்கள் வேறு வழியில்லாமல் நடந்தார்கள். அந்த வேறுபாடு பெரிது. ஆனாலும் கையில் உள்ளதை முழுக்க அறிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நாங்கள் இரு கரையிலும் கற்றோம்.

யோகோயும் தோற்றார். 1995இல் அவர் செய்த வேர்ச்சுவல் போய், கண்ணை உள்ளே பதித்துப் பார்க்கும் கருவி. மலிவான சிவப்பு எல்.ஈ.டி. மட்டும்தான். கண்ணுக்கு வலி, கழுத்துக்கு நோவு, கையோடு கொண்டுதிரியவும் முடியாது. ஒரு வருடத்துக்குள் சந்தையை விட்டுப் போய்விட்டது. 1996 ஓகஸ்டில், 31 வருடம் வேலை செய்த கம்பனியை விட்டு விலகினார். அந்தத் தோல்விதான் அவரைத் துரத்தியது என்று பலர் எழுதினார்கள். அவர் அதை மறுத்தார். கியோட்டோவில் கோட்டோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி மறுபடியும் வேலை மேசையில் உட்கார்ந்தார்.

1997 ஒக்டோபர் 4ஆம் திகதி இஷிகாவா மாகாணத்து நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்னால் போன லொறியோடு மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கினார். வந்த இன்னொரு வாகனம் அவரை அடித்தது. வயது 56. அவர் பங்குகொண்டு வடிவமைத்த கடைசிக் கருவியான வொண்டர்ஸ்வானை பண்டாய் கம்பனி 1999இல் வெளியிட்டது. அது ஒரேயொரு பென்டோர்ச் பற்றரியில் ஓடியது.

எங்கள் கேம் போயைக் கடந்த வருடம்தான் திறந்தேன். பற்றரி ஒழுகி முனைகள் துருப்பிடித்திருந்தன. வினாகிரியில் நனைத்த பஞ்சால் துடைத்து, அரம் போட்டுச் சுத்தம் செய்தேன். திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் செத்திருந்தன. இந்த மொடலில் அது வழமையான நோய். திரைக்குக் கீழே உள்ள நாடா வயரின் இணைப்பைச் சோல்டரிங் அயனால் மெதுவாகச் சூடாக்கி இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாக உயிர்த்துவரும். திருகாணியைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே இருக்கிறது, பசையில்லை, பூட்டில்லை. திருத்துநராகத் தொழிலைத் தொடங்கியவரின் பொருள் என்பது உள்ளே தெரிகிறது. இப்போது றீசார்ஜ் பற்றரி நான்கைப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லி உம்மாவிடம் கொடுத்தேன். விளையாட்டாகத்தான் கொடுத்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, அதை மடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினார். நீளக்கட்டைக்கு ஓரத்தில் இடம் விட்டு வைத்திருந்தார்.

எப்போது பழகினீர்கள் என்று கேட்டேன். அந்த வீட்டில் இரவு எல்லோரும் படுத்த பிறகு, குசினி மூலையில் என்றார். நித்திரை வராத நேரத்தில் மடியில் வைத்து விளையாடியிருக்கிறார். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவாராம், யாருக்கும் கேட்காமல். முப்பது வருடமாக எங்களிடம் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவள் அங்கே விளையாடிக்கொண்டிருந்தாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சமாம்.

ரயிலில் கல்குலேட்டரோடு இருந்த அந்தக் களைத்த மனிதருக்காக யோகோய் யோசித்த பொருள், பெயர் தெரியாத ஒரு வீட்டுக் குசினியில் என் உம்மாவின் மடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார். பற்றரி இறங்கும் வரை நான் கேட்கவில்லை.