கோட்டால் உழைப்பை அளந்தவர்

வேலை எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மீதி என்று அறியாமல் காத்திருப்பது பெருந்துன்பம். கணிப்பொறிக் கூடத்தில் இதை நான் உணர்ந்தேன். ஐம்பதாயிரம் பதிவுகளைச் சரிபார்க்கும் நிரலொன்றை எழுதியிருந்தேன். அது இயங்கும் நேரமெல்லாம் திரை வெறுமையாகவே நின்றது. எனவே நட்சத்திரக் குறிகள் வரிசையாக வளரும் முன்னேற்றப் பட்டை ஒன்றைச் சேர்த்தேன். அடுத்த வரிக்குப் போகாமல், அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி மேலெழுதுவதே அதன் நுட்பம். ஆனால் என் பட்டை நொடிகளை எண்ணி வளர்ந்தது. நூறு விழுக்காடு காட்டிய பின்னும் வேலை முடியவில்லை! எங்கள் விரிவுரையாளர் புன்னகைத்து, ஹென்றி காண்ட்டின் வரலாற்றைப் படிக்கச் சொன்னார்.

காண்ட் 1861-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்தார். உள்நாட்டுப் போரால் அவர் குடும்பம் செல்வம் இழந்தது. எனினும் கல்வியைக் கைவிடாது 1880-இல் பட்டம் பெற்றார்; சில காலம் ஆசிரியராகப் பணியாற்றினார்; 1884-இல் பொறியியல் பட்டமும் பெற்றார். 1887-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சேர்ந்து, பிரடெரிக் டெய்லருடன் உழைத்தார். குறித்த வேலையை முடித்த தொழிலாளிக்கு ஊக்கத்தொகை தரும் முறையை 1901-இல் வகுத்தார். வேலை கற்றுத் தரும் மேற்பார்வையாளருக்கும் அதில் பங்குண்டு.

அவர் பெயரை நிலைநிறுத்தியது பட்டை வரைபடமே. போலந்து நாட்டு அடாமியெக்கி 1896-லேயே இத்தகைய வரைபடத்தை அமைத்திருந்தார். ஆயினும் உலகெங்கும் பரவியது காண்ட்டின் பெயரே. அதில் ஒரு கட்டத்தின் அகலம் திட்டமிட்ட வேலையைக் குறிக்கும். உள்ளே இழுத்த கோடு முடிந்த வேலையைக் குறிக்கும். நூறு பொருள்களில் எழுபத்தைந்து முடிந்திருந்தால், கோடு முக்கால் கட்டத்தில் நின்றுவிடும். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கலப் பணிகளுக்கும் கப்பல் கட்டும் பணிக்கும் இம்முறை கைகொடுத்தது. 1919-இல் காண்ட் மறைந்தார்.

இதைப் படித்தபோது ஆரணியிலுள்ள என் தாய்மாமனின் பட்டுத்தறி நினைவுக்கு வந்தது. போளூரிலிருந்து நான் செல்லும் போதெல்லாம், படமரத்தில் சுற்றிய துணியைப் பார்த்தே சேலை எந்த அளவில் நிற்கிறது என்று மாமா சொல்லிவிடுவார். நெய்யாத துணி படமரத்தில் ஏறுமா? செய்யாத வேலைக்குக் கோடு வளரலாமா?

என் நிரலைத் திருத்தினேன். முடிந்த பதிவுகளை மொத்தப் பதிவுகளால் வகுத்து, அந்த அளவுக்கே பட்டையை வளரச் செய்தேன். இப்போது அது மெல்லத்தான் நகர்கிறது. ஆனால் பொய் சொல்வதில்லை. காத்திருப்பவருக்கு உழைப்பவன் செலுத்த வேண்டிய நன்றிக்கடன் அவ்வுண்மையே அன்றோ!