வித்தையை மறைக்காத ஆசான்

ஜப்பான் தேசத்தில் 1890-ம் வருஷம் ஜனித்த ஸெய்ஷிரோ ஒகாஸாகி, 1906-ல் அமெரிக்க ஆளுகைக்குட்பட்ட ஹவாய்த் தீவுகளை அடைந்தார். அங்கே இளமையிலேயே க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டு, பிழைப்பதரிதென்றிருந்த நிலையில் ஜுஜுத்ஸு என்னும் மற்போர் வித்தையைப் பயிலலானார். நோய் நீங்கிற்று, அதனை அவ்வித்தை தந்த பேறெனக் கருதித் தம் வாணாளை அதற்கே அர்ப்பணம் செய்தார்.

1922-ல் ஹிலோ நகரில் மாரிஸ் என்னும் குத்துச்சண்டைக்காரரை அவர் வென்றதைச் சிலாகிப்போர் பலர். நாம் பெரிதாக மதிப்பது வேறு. கற்றதை மடியில் முடிந்துகொள்ளும் வழக்கம் எத்தேசத்தும் உண்டன்றோ? ஜப்பானியர் தமக்குள்ளேயே காத்துவந்த அவ்வித்தையை, தம்மினத்தாரே குறைகூறவும், பிற இனத்தாருக்கும் ஸ்திரீகளுக்கும் பேதமின்றிப் போதித்தார். அடிக்கக் கற்பவன் ஆற்றவும் கற்கவேண்டுமென்று, உடம்பு பிடித்து நோய் தீர்க்கும் முறையையும் உடன் பயிற்றினார். ஹோனலூலுவில் அதற்கென ஒரு சிகிச்சைச் சாலையும் நடத்திவந்து, 1951-ல் காலமானார்.