டால்ட்டனின் கண்கள்

அணுக் கொள்கையை நிலைநாட்டிய ஜான் டால்ட்டன் என்னும் பேரறிஞரை இரசாயனம் பயில்வார் யாவரும் அறிவர். அவர் தம் கண்ணின் குறையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட வரலாறு அத்துணைப் பரவியதன்று.

இவர் 1766-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபாலுள்ள ஈகிள்ஸ்பீல்டு என்னுஞ் சிற்றூரில், நெசவுத்தொழில் புரிந்த குவேக்கர் ஒருவர்க்கு மகனாய்த் தோன்றினார். பன்னிரண்டு வயதிலேயே பள்ளி நடத்தத் தொடங்கி, 1793-இல் மான்செஸ்டர் நகரஞ் சென்று ஆசிரியராய் அமர்ந்தார்.

1792-இல் ஒருநாள் ஜெரேனியப் பூவொன்றை மெழுகுவர்த்தி ஒளியில் நோக்கினார். பகலில் அவர்க்கு வானீலமாய்த் தோன்றிய அம்மலர், அப்பொழுது நீலஞ் சிறிதுமின்றிச் சிவந்து தோன்றிற்று. நண்பர்க்கு இம்மாற்றம் புலப்படவில்லை. உடன்பிறந்தார் ஒருவர்க்கே புலனாயிற்று. அதனால், பிறர் காணும் நிறங்களைத் தாம் காண்கிலர் என்பதையும், அக்குறை குடிவழி வருவதென்பதையும் உணர்ந்தார். 1794-இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவ சங்கத்தில் இதனைக் கட்டுரையாகப் படித்தார். தம் கண்ணினுள் நிறைந்த நீர்மம் நீலநிறமுடையதாய்ச் செவ்வொளியை விழுங்குகின்றது என்பது அவர் துணிபு.

இத்துணிபை உயிரோடிருக்கையிற் சோதித்தல் இயலாது. ஆதலின், தாம் இறந்தபின் தம் கண்களை ஆராயுமாறு பணித்தார். 1844-இல் அவர் மறைந்த மறுநாள், மருத்துவர் ரான்சம் என்பார் அவ்வாறே செய்தார். நீர்மம் தெளிவாகவே இருந்தது. அரை நூற்றாண்டுக் கொள்கை ஒரு நாளில் வீழ்ந்தது.

எனினும் கண்கள் பாதுகாக்கப்பட்டன. 1995-இல் அறிஞர் சிலர் அவற்றின் மரபணுவை ஆராய்ந்து உண்மை கண்டனர். கண்ணின் விழித்திரையில் மூவகைக் கூம்பணுக்கள் உண்டு. அவை தரும் செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே நிறவுணர்ச்சி தோன்றுகின்றது. டால்ட்டனுக்கு, பச்சைப் பகுதியின் ஒளியை மிகுதியாக ஏற்கும் கூம்பணு வகைக்குரிய மரபணு இல்லை. ஒப்பிடற்குரிய இரண்டில் ஒன்றின்மையால், சிவப்பும் பச்சையும் அவர்க்கு வேறுபடவில்லை. அசைவையும் ஆழத்தையும் மூளை உணரும் வழிகளோ பெரும்பாலும் வேறு. ஆதலின் இக்குறையுடையார் நடையிலும் தொழிலிலும் பெரிதும் இடர்ப்படார்.

தம் கொள்கையை வீழ்த்தவல்ல சான்றினைத் தாமே உலகிற்கு அளித்துச் சென்றார் டால்ட்டன். அக்கொள்கை பிழைத்தது, அவர் விரும்பிய உண்மையோ நூற்றைம்பது ஆண்டுகளின்பின் அவர் கண்களினின்றே வெளிப்பட்டது. ஆராய்ச்சித் துறையிற் புகும் மாணவர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டுமோ?