ஓடி வென்றவர், ஓடக் கற்பித்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்புக் காலம் வந்துவிட்டால், மன்னார்க் கரையின் மறிச்சுக்கட்டி மணல்வெளியில் ஒரு நகரமே எழுந்து நிற்கும். கல்லின் துணையோடு ஆழ்கடலில் இறங்கும் சுழியோடி, மூச்சடக்கி நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிட நேரமே. ஆயினும், அந்த ஒரு நிமிடத்தின் பின்னே பல்லாண்டுப் பயிற்சி மறைந்து கிடக்கும். அத்தகைய ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தால் உலகப் புகழ் எய்திய இலங்கையர் டங்கன் வைட்.

1918ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதலாம் நாள், களுத்துறையை அடுத்த லத்பந்துரவில் பிறந்தார் வைட். கண்டி திரித்துவக் கல்லூரியில் கல்வி பயின்றார். ஓட்ட வீரர் ஒருவரின் கால்கள் உரம்பெற்று விளங்கும் பருவம் குறுகியது. வைட்டின் அப்பருவத்தை உலகப் போர் விழுங்கிவிட்டது. 1940, 1944 ஆகிய ஈராண்டுகளிலும் ஒலிம்பிக் விழா நடைபெறவேயில்லை. இலண்டன் விழாவுக்கு அவர் சென்றபோது அவருக்கு வயது முப்பது.

நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில், யூலை 31ஆம் நாள், வெம்பிளி அரங்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தின் இறுதிப் போட்டி நிகழ்ந்தது. அமெரிக்கரான றோய் கொக்ரன் 51.1 செக்கன்களில் முதலாவதாக வந்தார். பத்துத் தடைகளையும் தாண்டி 51.8 செக்கன்களில் வைட் இரண்டாவதாக வந்தார். ஒலிம்பிக் விழாவில் இலங்கை பெற்ற முதற் பதக்கம் அதுவே.

இதே ஓட்டத்தில், 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அயர்லாந்துக்குத் தங்கம் ஈட்டித் தந்த பொப் டிஸ்டலும் நுவரெலியாவிற் பிறந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. அவர் ஓடிய நேரம் 51.7 செக்கன். எனினும், இறுதித் தடையை அவர் வீழ்த்தியமையால், அக்கால விதிப்படி அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை.

1950இல் ஓக்லாந்து நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில், 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் வைட் தங்கம் வென்றார். அதன்பின் அவர் புகழின் நிழலில் இளைப்பாறினாரல்லர். இங்கிலாந்தின் லப்பரோ கல்லூரியில் உடற்கல்வி பயின்று ஆசிரியரானார். பின்னர் நைஜீரியா நாட்டிலும் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். தாம் ஓடிய காலத்தினும் பிறருக்குக் கற்பித்த காலமே அவர் வாழ்வில் நீண்டது.

1998ஆம் ஆண்டு யூலைத் திங்களில், தாயகத்துக்கு அப்பால் இங்கிலாந்தில், வைட் காலமானார். இலங்கையின் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைச் சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டிலே வென்றார். இடையில் கழிந்தவை ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! அந்நாளைக் காண வைட் உயிரோடில்லை.

முத்து விளையும் கடல் நமக்கு உண்டு. ஓடும் கால்களும் நம் மணலில் உண்டு. ஆனால் கற்பிக்க வல்லாரைத் தன் மண்ணிலே இருத்திக்கொள்ளாத நாடு, ஒவ்வொரு முத்துக்கும் அரை நூற்றாண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.