விடுபட்ட ஓர் எண்: கணித மேதை இராமானுஜன்

நோன்பு திறக்க 12 பேரீச்சம்பழம் இருந்தால் இருவர், மூவர், நால்வர், அறுவர் என எத்தனை பேர் அமர்ந்தாலும் மீதியின்றிப் பங்கிடலாம். 13 இருந்தால் சிக்கல்தான். வரிப்பத்தான்சேனையில் நம் உம்மாமார் கைக்கணக்காக அறிந்திருந்த இதையே நாம் வகுப்பில் காரணிகள் என்று படித்தோம். 12 இற்கு ஆறு காரணிகள். அதனிலும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படித் தமக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் தொகையால் வெல்லும் எண்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் பரிசுகள் வாங்கியவர், கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கவனியாததால் புலமைப்பரிசிலை இழந்தார். சென்னையில் மீண்டும் முயன்றும் 1907 இல் எஃப்.ஏ. பரீட்சையில் சித்தியடையவில்லை. கடதாசிக்கு வசதியின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு அனுப்பிய கடிதம், 1914 இல் அவரை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது.

1915 இல் அந்த ஆய்வு வெளியானது. கையால் கணித்த அட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. ஆறு இலட்சம் கோடியைத் தாண்டிய அந்த எண்ணுக்கு 10,080 காரணிகள். 2 ஐ ஆறு தடவை, 3 ஐ நான்கு தடவை, 5 ஐயும் 7 ஐயும் இரண்டிரண்டு தடவை, பின் 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு தடவை பெருக்கினால் அது வரும். சிறிய முதன்மை எண்கள் அதிகமாகவும் பெரியவை குறைவாகவும் வரும் இந்த ஒழுங்கே அவர் ஆராய்ந்த விதி.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600, காரணிகள் 5,040. அதை 23 ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வருகிறது! தொலைவில் இருந்ததைப் பிடித்த கை, வழியில் இருந்ததைத் தவறவிட்டது. ஆயினும் விதி பிழைக்கவில்லை. பரீட்சைகள் தராத பட்டத்தை 1916 இல் இந்த ஆய்வே அவருக்குத் தந்தது. போர்க்காலப் பணநெருக்கடியால் அன்று அச்சேறாத அதன் மீதிப் பகுதி 1997 இல் வெளிவந்தது.

1918 இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். மறு ஆண்டு நோயோடு ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் 32 வயதில் மறைந்தார். மனைவி ஜானகி பின்னர் திருவல்லிக்கேணியில் தையல் தொழிலால் தம் வாழ்வை நடத்தி 1994 வரை இருந்தார். தையல் மெஷின் படிக்கவைத்த பிள்ளைகளான நம்மில் பலருக்கு அந்த வாழ்வும் அந்நியமல்ல.

ஒரு கணக்குப் பிழைத்ததும் கணிதம் நமக்கு வராது என்று ஒதுங்கியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இம்மலர் எந்த நாட்டில் உங்கள் கைக்குக் கிடைத்தாலும், பிள்ளைகளை அருகில் இருத்தி அந்த விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கிப் பாருங்கள். முதல் தடவை பிழைத்தால் இன்னொரு தடவை.