நஞ்சின் ஊற்றைக் கண்ட அறிஞர் சம்புநாத் டே

வாந்திபேதி என்னும் சொல்லே ஒரு காலத்தில் ஊரை நடுங்கச் செய்தது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் மறைந்த செய்திகளை, அமராவதி பாயும் இக்கணியூர்ப் பகுதியிலும் மூத்தோர் வாய்மொழியாக நாம் கேட்டதுண்டு. அந்நோய் எவ்வாறு கொல்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் நம் நாட்டு அறிஞர் ஒருவர் என்பதைப் பலரும் அறியார். அவரே மருத்துவர் சம்புநாத் டே ஆவார்.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்னும் சிற்றூரில் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். உதவித்தொகை பெற்று ஹூக்ளி முஹ்சின் கல்லூரியில் பயின்றார். வள்ளல் ஹாஜி முகம்மது முஹ்சின் விட்டுச்சென்ற அறக்கொடையால் 1836இல் எழுந்த கல்லூரி அது. 1812இல் மறைந்த ஒருவரின் ஈகை, நூறாண்டுகள் கடந்தும் ஏழை மாணவர் ஒருவருக்கு வழி திறந்ததை எண்ணி நாம் நெகிழ்கிறோம். பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்ற அவர், இலண்டன் சென்று 1949இல் முனைவரானார்.

காலராக் கிருமியை இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவிலேயே இனங்கண்டிருந்தார். ஆயினும் அக்கிருமி கொல்லும் முறை எழுபது ஆண்டுகளாய்ப் புலப்படவில்லை. நாடு திரும்பிய டே, நோய் குடலில் தோன்றுவதால் விடையும் குடலில்தான் இருக்க வேண்டும் எனத் துணிந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பிப் புடைத்திருந்தது. 1953இல் இதனை வெளியிட்டார். 1959இல், கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய நீர்மமும் அவ்வாறே குடலில் நீரைப் பெருக்குவதை மெய்ப்பித்தார். கிருமி வெளியிடும் நஞ்சே நோயாளியின் உடல்நீரை வற்றச் செய்கிறது என்பது உறுதியாயிற்று. நூலும் முயலும் நுண்ணறிவுமே அவர்தம் பெருங்கருவிகள்!

அந்நஞ்சைக் கிருமி எங்கே பெற்றது? இவ்வினாவுக்கு விடை கிடைத்தபோது டே உயிருடன் இல்லை. அந்நஞ்சுக்குரிய மரபணுவைச் சுமந்து வருவது, பாக்டீரியாவைப் பற்றும் இழை வடிவ வைரஸ் ஒன்று என அமெரிக்க அறிஞர் வால்டோரும் மெக்கலானோசும் 1996இல் கண்டனர். கிருமியின் மேலுள்ள மயிர் போன்ற நுண்ணிழையைப் பற்றி வைரஸ் உள்ளே நுழைகிறது. கிருமியின் மரபுப்பொருளோடு தன்னை இணைத்துக்கொள்கிறது. அதன்பின் அக்கிருமியின் வழித்தோன்றல்கள் யாவும் நஞ்சுடையன ஆகின்றன. குடலில் நிலைகொள்ளக் கிருமிக்கு உதவுவதும் அதே நுண்ணிழைதான். கழிமுக நீரில் வாழும் அவ்வினக் கிருமிகளுட் பலவற்றில் இந்நஞ்சே இல்லை. கொடுமை அக்கிருமியின் பிறவிக்குணம் அன்று. வந்து சேர்ந்தது எனலாம்.

இடம்பெயரும் மரபுத்துண்டுகள் செய்யும் மாற்றத்தைத் தமிழகமும் கண்டது. 1992இன் பிற்பகுதியில் சென்னையில் புதுவகைக் காலரா தலைகாட்டி, வங்கத்திலும் பரவியது. பழைய கிருமி வேறொன்றிடமிருந்து புதிய மேலுறைக்கான மரபணுக்களைப் பெற்றதால் அது தோன்றியது. முன்பு நோயுற்றுத் தேறியோர் உடலும் அதனை அடையாளம் காணவில்லை. சில மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் ஒரே தொகுதியாக அதனுள் குடியேறியிருந்தன.

வைரஸ்கள் பாக்டீரியாக்களிடையே மரபணுக்களைக் கடத்துவதை 1952இல் சிண்டருடன் சேர்ந்து அறிவித்த ஜோசுவா லெடர்பெர்க், 1958இல் நோபல் பரிசு பெற்றவர். அவரே டேயின் பெயரை அப்பரிசுக்கு முன்மொழிந்தார் என்பது எண்ணத்தக்கது. பரிசு வரவில்லை. 1978இல் நோபல் கருத்தரங்கு அவரை அழைத்துச் சிறப்பித்தது. ஆனால் பிறந்த நாட்டில் பெரும் விருதெதுவும் அவரை அணுகவில்லை. 1973இல் ஓய்வு பெற்ற அவர், 1985 ஏப்ரல் 15இல் மறைந்தார். இந்திய அறிவியல் இதழான கரண்ட் சயின்ஸ், 1990இல் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே! கருவி குறைவென்று ஆய்வைக் கைவிடாதீர். கைதட்டல் இல்லையென்று உண்மையை விட்டு விலகாதீர். அறிந்து போற்ற வேண்டியவரை உயிருடன் இருக்கும்போதே போற்றும் கடமையோ, மூத்தோராகிய நம்முடையது.